மின்கல ரம்பமும் அதன் எச்சரிக்கைச் சீட்டும்

ஆங்கிலத்தில் எழுதப்படும் விஞ்ஞானக் கட்டுரைகளையும் அறிக்கைகளையும் தமிழாக்கித் தருவது என் உத்தியோகம். ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக இதைச் செய்து வருகிறேன். ஆயினும், ஓர் யந்திரத்துடன் பெட்டிக்குள் மடித்து வைத்து அனுப்பப்படும் எச்சரிக்கைச் சீட்டை முதலிலிருந்து கடைசிவரை நான் படித்தது சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில்தான். படிக்க நேர்ந்த காரணம் மகிழ்ச்சி தரத்தக்கதன்று.

புனே நகரில் ஜூன் மாதத்து மழை காற்றோடு சேர்ந்து வரும். சாலையோர மரங்களும் குடியிருப்புகளின் உள்ளே நிற்கும் மரங்களும் கிளை முறிந்து விழுவது ஆண்டுதோறும் காணும் காட்சி. ஆதலால் மழை வலுக்குமுன் கிளைகளைக் கழித்துவிடுவது வழக்கம். மகாராஷ்டிரத்தின் 1975ஆம் ஆண்டு நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டப்படி, இதற்கு மாநகராட்சியின் அனுமதி பெறுதல் வேண்டும். கோத்ரூடு பகுதியில் நான் குடியிருக்கும் இடத்துச் சங்கமும் முறைப்படி அனுமதி பெற்று, ஒரு மராத்தியத் தொழிலாளியை அமர்த்திற்று. அவர் கையில் இருந்தது ஒரு முழ நீளமுள்ள சிறு சங்கிலி ரம்பம். அதற்கு மின்கம்பியும் கிடையாது, பெட்ரோலும் கிடையாது. கைப்பிடியின் அடியில் செருகப்பட்ட பேட்டரி ஒன்றே அதன் உயிர்.

ஏணியின்மேல் நின்று அரைமணி நேரம் குல்மோஹர் மரத்தில் வேலை செய்தார். பிறகு ஈரப் பட்டையின் நார் சங்கிலியில் சிக்கி, ரம்பம் நின்றுவிட்டது. அவர் விசையிலிருந்து விரலை எடுத்தார், ஓசை அடங்கியது. இடக்கையால் நாரைப் பற்றி இழுத்தபோது, யந்திரத்தைத் தாங்கியிருந்த வலக்கை தன்னையறியாமல் விசையை அழுத்திற்று. கைதவறி விசை அழுந்தினாலும் யந்திரம் ஓடாதிருப்பதற்காக அதில் ஒரு பூட்டுப் பொத்தான் உண்டு. ஒவ்வொரு முறையும் அதை அழுத்துவது தொல்லை என்று கருதி, நாடாவைச் சுற்றி அதை எப்போதும் அழுந்தியபடியே இருக்கச் செய்திருந்தார். சுட்டுவிரலின் நுனிக்கணு போயிற்று.

மருத்துவமனையிலிருந்து திரும்பியபின், காவலாளியின் அறையில் கிடந்த அந்த யந்திரத்தின் பெட்டியைத் திறந்து சீட்டை எடுத்தேன். ஒரு புறம் சீனம், மறு புறம் ஆங்கிலம். எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்து. பதினான்காம் எண்ணிட்ட வரியில், சிக்கிய பொருளை நீக்குமுன் பேட்டரியைக் கழற்றிவிடவேண்டும் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. அந்த மனிதர் மராத்திச் செய்தித்தாளை எழுத்துக்கூட்டாமல் வாசிக்கக்கூடியவர். கல்வியறிவின்மையால் நேர்ந்த விபத்து என்று சொல்லி நாம் நழுவிக்கொள்வதற்கு இடமில்லை. எச்சரிக்கை இருந்தது, அவருக்குத் தெரியாத மொழியில் இருந்தது.

கம்பியற்ற மின் ரம்பங்களை விற்போர், அவற்றைப்பற்றிய எச்சரிக்கையை விற்கப்படும் மாநிலத்தின் மொழியிலும் அச்சிட்டுத் தரவேண்டுமென்று சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும் என்பது என் கருத்து. எல்லா யந்திரங்களுக்கும் இது நன்றே. ஆனால் இவ்வகை ரம்பத்துக்கு இது ஏன் மிக அவசரமானது என்பதைச் சற்று விளக்கவேண்டும்.

பெட்ரோலால் ஓடும் ரம்பம் தன் அபாயத்தைத் தானே பறைசாற்றுகிறது. கயிற்றை இழுத்து அதைக் கிளப்பவேண்டும். வெட்டாத வேளையிலும் உறுமிக்கொண்டிருக்கும். புகையும் நாற்றமும் உண்டு. மின்கம்பியோடு கூடிய ரம்பத்தைப் பழுது பார்ப்பவர், சுவரிலிருந்து செருகியைப் பிடுங்கிவிடும் பழக்கத்தைத் தம் ஆசானிடமே கற்றுக்கொண்டுவிடுகிறார். மின்கல ரம்பமோ, ஓடாதபோது வெறும் மரக்கட்டையைப்போல் ஓசையின்றிக் கிடக்கிறது. அது நின்றிருக்கிறதா, அணைந்திருக்கிறதா என்னும் வேறுபாடு கண்ணுக்கும் தெரிவதில்லை, காதுக்கும் தெரிவதில்லை. பேட்டரி உள்ளே இருக்கும்வரை விரலின் ஓர் அழுத்தத்துக்கு அது காத்திருக்கிறது. அழுத்தியவுடன் பெட்ரோல் யந்திரத்தைப்போல் தயங்காமல், ஒரு விநாடிக்குள் முழு வேகத்தை அடைந்துவிடும். தலைமுறை தலைமுறையாகத் தச்சர் கற்ற பழக்கம் இதில் உதவாது. புதிய பழக்கம் ஒன்றைச் சொல்லித் தரவேண்டும். சொல்லித் தர ஆசான் இல்லை. சீட்டு ஒன்றே உண்டு.

அந்த வேகத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது நன்று. 165 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்ட ரம்பம் நிமிடத்துக்கு 5,000 முறை சுற்றுமானால், அதன் பல்லின் வேகம் விநாடிக்கு 43 மீட்டர். அதாவது மணிக்கு 155 கிலோமீட்டர். விசையை விட்டபின்னும் தகடு சிறிது நேரம் சுழன்றுகொண்டே இருக்கும். தகட்டை மூடும் காப்பு, வெட்டு முடிந்தவுடன் தானே கீழிறங்கும்படி அமைக்கப்பட்டது. அதைக் கம்பியால் மேலே கட்டிவைத்து வேலை செய்வோரை நாம் எந்தக் கட்டட வேலையிலும் காணலாம்.

சங்கிலி ரம்பத்தின் தனிப்பட்ட அபாயம் வேறு. அதன் சங்கிலி, தகட்டின் மேல்விளிம்பில் நம்மைவிட்டு முன்னோக்கி ஓடி, மூக்கைச் சுற்றிக் கீழிறங்கி, அடிவிளிம்பில் நம்மை நோக்கி வருகிறது. அடிவிளிம்பால் வெட்டும்போது ரம்பம் மரத்தோடு ஒட்டி நிற்கும். மூக்கின் மேற்பாதி எதிர்பாராமல் ஒரு கிளையைத் தொட்டுவிட்டாலோ, பல் மரத்தில் சிக்கி, சங்கிலியின் விசை முழுவதும் தகட்டின்மீது திரும்பிவிடும். ரம்பம் மேல்நோக்கி எழும்பி, பிடித்திருப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி வரும். இது கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துவிடுவதால், சமாளித்துக்கொள்ளலாம் என்று நம்புவது வீண். பெரிய ரம்பங்களில் முன்கைப்பிடி ஒன்றும், எழும்பும்போது சங்கிலியை நிறுத்தும் தடை ஒன்றும் உண்டு. இக்காலத்துச் சிறு ரம்பங்கள் பலவற்றில் இரண்டும் இல்லை. அவை ஒரு கையால் பிடிக்கத் தக்கனவாக இருப்பதால், மற்றொரு கை தானாகவே கிளையைப் பற்றச் செல்கிறது. ரம்பம் எழும்பும் வழியிலும் வழுக்கும் வழியிலும் அந்தக் கை இருக்கிறது. ஏணியின்மேல் நின்று இதைச் செய்வதைப்பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி, தொங்கும் துண்டும் தளர்ந்த சட்டைக்கையும் இல்லாமை, இவை எல்லா ரம்பங்களுக்கும் பொது.

இனி, இந்த ரம்பத்தின் பேட்டரியைப்பற்றிப் பேசுவோம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் ரம்பத்தின் பல் கூரியது என்பதை யாரும் அறிவர், பேட்டரிக்குள் என்ன இருக்கிறது என்பதை அறிந்தோர் சிலரே.

கம்பியற்ற துளைக்கருவி 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதில் இருந்தவை நிக்கல்-காட்மியம் கலங்கள். அவை கனமானவை, ஆற்றல் குறைந்தவை. மரம் அறுக்கும் வலிமை அவற்றுக்குக் குறைவு. 1991இல் ஜப்பானில் லித்தியம் அயனிக் கலங்கள் சந்தைக்கு வந்து, 2005ஆம் ஆண்டையொட்டிக் கனத்த கைக்கருவிகளிலும் இடம்பெற்ற பின்னர் ரம்பங்கள் பரவலாகக் கம்பியைத் துறந்தன. இக்கலங்களை உருவாக்கிய குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவரும் 2019இல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு பெற்றதை வாசகர்கள் நினைவுகொள்ளலாம்.

சாதாரண ரம்ப பேட்டரியின் உறையைத் திறந்தால், 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள உருளைக் கலங்கள் ஐந்து, அல்லது பத்து, வரிசையாக அமைந்திருக்கும். ஒவ்வொன்றின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட்டு, ஐந்து சேர்ந்து 18. முழுவதும் ஏற்றியபோது ஒவ்வொன்றும் 4.2; ஐந்து சேர்ந்து 21. ஆகவே 18 என்று அச்சிட்டாலும் 21 என்று அச்சிட்டாலும் உள்ளே இருப்பது ஒரே பொருள். அந்தத் தொழிலாளியின் பேட்டரியின்மேல் 48 என்று பெரிய எழுத்தில் பொறித்திருந்தது. பின்னர் அதைத் திறக்கச் செய்து பார்த்தேன். உள்ளே ஐந்தே கலங்கள். அந்த எண்ணை எக்கணக்கில் கொண்டார்களோ அறியேன்.

18 வோல்ட்டும் 5 ஆம்பியர்-மணியும் உள்ள பேட்டரியில் அடங்கிய ஆற்றல் 90 வாட்டு-மணி. குழாய்த் தண்ணீர் ஒரு லிட்டரைக் கொதிக்கவைக்க இது போதும். ஒழுங்காக வெளிப்பட்டால் மரத்தை அறுக்கும். ஒழுங்கின்றி ஒரே நிமிடத்தில் வெளிப்பட்டால் என்ன ஆகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அதோடு, கலத்துக்குள் இருக்கும் திரவம் எரியும் தன்மையுள்ள கரிமக் கரைப்பான். நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் இடையே தாளினும் மெல்லிய பிளாஸ்டிக் திரை ஒன்றுதான் தடுப்பு. பேட்டரி உயரத்திலிருந்து கல்தரையில் விழுந்தோ, அளவுக்குமேல் மின்னேற்றப்பட்டோ, ஒரு கலம் உள்ளே பழுதடையக்கூடும். பழுதான இடம் சூடேறும். சூட்டினால் உள்ளிருக்கும் ரசாயனங்கள் சிதையும். சிதைவு மேலும் சூட்டைத் தரும். ஏறக்குறைய 130 பாகை வெப்பத்தில் திரை உருகும். அதன்பின் அதை நிறுத்த வெளியிலிருந்து யாராலும் இயலாது. ஒரு கலம் பக்கத்துக் கலத்தைப் பற்றவைக்கும். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் தொடரை ‘கட்டுமீறிய வெப்பப் பெருக்கம்’ என்று ஒருமுறை தமிழாக்கினேன். சரியான மொழிபெயர்ப்பு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆயினும் ஒரு தச்சரின் கையை அது தடுத்து நிறுத்துமா என்பது வேறு கேள்வி.

நல்ல பேட்டரியில் ஒவ்வொரு கலத்தின் அழுத்தத்தையும் சூட்டையும் கண்காணிக்கும் மின்னணுப் பலகை உண்டு. மலிவான பேட்டரியில் அது பெயரளவிற்கே இருக்கும். மொத்த அழுத்தத்தை மட்டும் பார்க்கும். ஐந்து கலங்களில் ஒன்று நலிந்திருந்தால், மற்றவை நிரம்பும் தருவாயில் அது வரம்பு மீறி ஏற்றப்படும். மொத்தக் கணக்கில் இது தெரியாது. பழைய மடிக்கணினிகளிலிருந்து எடுத்த கலங்களைப் புதிய உறைக்குள் பற்றவைத்து விற்பதில் உள்ள அபாயமும் இதுவே. வயதும் வலிமையும் ஒவ்வாத கலங்களை ஒரே நுகத்தில் பூட்டுகிறார்கள்.

ஆகவே பேட்டரிக்கு அதனுடன் வந்த மின்னேற்றியையே உபயோகிக்கவேண்டும். கடுமையாக வேலை செய்து சூடேறிய பேட்டரி ஆறியபின்னரே ஏற்றவேண்டும். இரவில் மரத்தூளும் சீவல்களும் பரவிய மேசைமேல் அதை ஏற்றிவிட்டு, அங்கேயே படுத்து உறங்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு; இதைவிட அஞ்சத்தக்க பழக்கத்தை நான் அறியேன். ஆணியும் திருகாணியும் கிடக்கும் பையில் பேட்டரியைப் போட்டால் அதன் இரு முனைகளையும் ஓர் ஆணியே இணைத்துவிடக்கூடும். மே மாதத்தில் தகரக் கூரையின் அடியிலும், மூடிய வண்டிக்குள்ளும் வைக்கலாகாது. உப்பியதையும், தண்ணீரில் மூழ்கியதையும், விழுந்து உறை உடைந்ததையும் மறுபடி ஏற்றலாகாது. நெடுநாள் உபயோகிக்காது வைப்பதானால் பாதி அளவு ஏற்றி வைப்பது நன்று. தீப்பற்றினால் புகை நச்சுள்ளது. விலகி நின்று ஏராளமான தண்ணீரை விடவேண்டும். தண்ணீர் எரிவதை அணைப்பதோடு பக்கத்துக் கலங்களைக் குளிர்விப்பதும் வேண்டும். மணல் அதைச் செய்யாது. அணைந்ததுபோல் தோன்றிய பேட்டரி மீண்டும் பற்றுவது உண்டு. பழுதானதைக் குப்பையில் எறியாமல் திரும்பப் பெற ஏற்பாடு செய்வது உற்பத்தியாளரின் கடமை என 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் கூறுகின்றன. இதையும் பலர் அறியார்.

புனே மக்களுக்கு இவ்வகைத் தீ புதிதன்று. 2022 மார்ச்சில் நகரின் லோஹகாவ் பகுதியில், சாலையோரம் நிறுத்தியிருந்த மின்சார ஸ்கூட்டர் தானே எரிந்ததை நாடே படமாகப் பார்த்தது. அதே நாட்களில் வேலூரில், இரவு வீட்டில் மின்னேற்றத்துக்கு விடப்பட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பற்றித் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அதன் பயனாக வாகன பேட்டரிகளுக்கான தர விதிகள் திருத்தப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. அத்தகைய சோதனைகளைச் செய்யும் நிலையங்களுள் ஒன்றான இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிக் கழகம் எங்கள் கோத்ரூடு குன்றின்மீதே இருக்கிறது. ரம்ப பேட்டரிக்கும் தரம் இல்லாமலில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 16046ஆம் எண்ணுள்ள தரமும், கட்டாயப் பதிவும் உண்டு. பேட்டரியின்மேல் அந்த எண்ணும் ‘ஆர்’ என்னும் எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் காணப்படவேண்டும். வாங்குவோர் இதைத் தேடிப் பார்க்கவேண்டும். ஆனால் தரம் பேட்டரியின் உட்புறத்தைக் காக்குமேயன்றி, அதைக் கழற்றாமல் சங்கிலியில் கைவைப்பவரைக் காக்காது. அவரைக் காப்பது சொல் ஒன்றே.

அந்தச் சொல்லைப்பற்றி நம் விதிகள் என்ன கூறுகின்றன? பெட்டியில் அடைத்து விற்கும் பண்டங்களுக்கான 2011ஆம் ஆண்டின் எடையளவு விதிகளின்படி, பெட்டியின்மேல் தரவேண்டிய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும். வேறு மொழி விருப்பத்தைப் பொறுத்தது. விலையைப் படிக்க இது போதுமாயிருக்கலாம். ஆனால் இதே நாட்டில், 1971ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட பூச்சிக்கொல்லி விதிகள், மருந்துடன் வைக்கும் துண்டறிக்கை இந்தி, ஆங்கிலத்தோடு அது விற்கப்படும் பகுதியின் மொழியிலும் அச்சிடப்படவேண்டும் என்று வகுத்தன. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும்படி, நஞ்சின் கடுமைக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்னும் நிறங்களில் ஒரு சாய்சதுரத்தையும் பெட்டியில் பொறிக்கச் செய்தன. வயலில் நிற்கும் உழவனுக்கு அவன் மொழியில் சொல்லவேண்டும் என்று அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒப்புக்கொண்ட நாம், மரத்தின்மேல் நிற்கும் தொழிலாளிக்கு மட்டும் ஏன் ஆங்கிலச் சீட்டைத் தருகிறோம்?

இதற்கு இரண்டு மறுப்புகளைக் கேட்டேன். அலுவலக நண்பர் ஒருவர், ‘கைபேசியில் காட்டினால் அதுவே மொழிபெயர்த்துவிடுமே’ என்றார். செய்யலாம், தன் சீட்டில் ஆபத்து உண்டு என்று முன்பே அறிந்தவன் அதைச் செய்வான். அறியாதவனுக்கு அறிவிப்பதே எச்சரிக்கையின் வேலை. மற்றொருவர், ‘எந்த மொழியில் தந்தாலும் எவரும் படிப்பதில்லை’ என்றார். இது ஓரளவு உண்மையே. நானே நாற்பது வயதுக்குமேல் படித்தேன் என்று தொடக்கத்தில் ஒப்புக்கொண்டேன். அறுபது விதிகளைப் பொடி எழுத்தில் அடுக்கினால் படிக்கமாட்டார்கள். வழக்கு வந்தால் தப்புவதற்காக எழுதப்பட்ட சீட்டு அது. அதைத் தமிழாக்கினாலும் அப்படியே இருக்கும். ஆகையால் நான் கேட்பது நீண்ட சீட்டின் மொழிபெயர்ப்பன்று. மூன்று, நான்கு வரிகள். அவையும் பெட்டிக்குள் அல்ல, பேட்டரியின்மேலேயே, விரல் படும் இடத்தில்.

அந்த வரிகளை எழுதிப் பார்க்க முயன்றேன். புனேயின் பவானிப் பேட்டையில் மரச் சந்தை இருக்கிறது. அங்கே நாகர்கோவிலைச் சேர்ந்த தச்சர் ஒருவர் முப்பது ஆண்டுகளாகத் தொழில் செய்கிறார். என்னைவிட மூத்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தாளை அவரிடம் வாசித்துக் காட்டினேன். ‘ரம்பத்தின் மூக்கால் வெட்டற்க; எதிர்த்தெறிதல் நிகழும்’ என்பது முதல் வரி.

‘எதிர்த்து யாரு எறியப்போறா சார்?’ என்றார் அவர்.

‘அண்ணாச்சி, மூக்கு மரத்துல பட்டா மேல தூக்கிட்டு வருமே, அதைத்தான் சொல்றேன்.’

‘எகிறும்னு எழுதுங்க. மூஞ்சியில எகிறும்.’

ஓர் அகராதியும் எனக்குத் தராத சொல் அது. அன்று மாலைக்குள் என் தாளில் இருந்த இலக்கணச் சுத்தமான வினைகள் பெரும்பாலும் போய்விட்டன. ‘மின்கலத்தொகுதியை நீக்குக’ என்பது ‘சங்கிலியில் கை வைக்குமுன் பேட்டரியைக் கழற்று’ என்று ஆயிற்று. கம்பியற்ற ரம்பம் என்ற பெயரையும் அவர் ஏற்கவில்லை. பட்டறையில் எல்லோருக்கும் அது பேட்டரி மெஷின். சூட்டைப்பற்றிய வரியை அவரே சொன்னார்: ‘கை பொறுக்காத சூடு இருந்தா சார்ஜ் போடாதே.’ என் ‘கட்டுமீறிய வெப்பப் பெருக்கம்’ செய்யவேண்டிய வேலையை அந்த வரி செய்துவிட்டது.

தமிழில் எழுதியது போதாது என்பதும் அங்கேயே தெரிந்தது. அவரிடம் வேலை செய்யும் இளைஞன் கோரக்பூரிலிருந்து வந்தவன். இந்தி மட்டுமே வாசிப்பான். பக்கத்துப் பட்டறையில் இருப்பவர் மராத்தியர். மூன்று மொழிகளிலும் வெள்ளை நாடாவில் எழுதி, ஆறு பேட்டரிகளின்மேல் ஒட்டினோம். மராத்தி வரியை, எங்கள் குடியிருப்பில் விரலிழந்தவரையே வாசிக்கச் செய்து திருத்தினேன். அவர் இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டார். நாடாவில் மை மங்கிவிடுகிறது. மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமையில் சென்று மறுபடி எழுதிவிட்டு வருகிறேன்.